குசினிக் கூரைத் தகரம்

கிளிநொச்சியில் விடியப் பஸ் ஏறினால் வெயில் ஏறமுன்னர் வவுனியாவில் இறங்கிவிடலாம் என்று ஒரு காலம் இருந்தது. புடவை எடுக்கப் போய், கடைக்காரனோடு ஆறுதலாகப் பேரம் பேசி, பின்னேரத் தேத்தண்ணிக்கு வீடு வந்து சேர்ந்திருக்கிறோம். சண்டை பாதையை மூடியிருந்த தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அதே வவுனியாவுக்கு இடம்மாறப் போகிறோம் என்று சொன்னபோது, கனடாவுக்குப் போகிற ஆட்களைப் பார்ப்பது போல அயலட்டைச் சனம் எங்களைப் பார்த்தது. என் கணவர் அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞர். அவருக்கு வவுனியாவுக்கு மாற்றம் வந்திருந்தது. அவர் தனியே போனால் எப்போது திரும்பி வரமுடியும் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே குடும்பமாகப் போவது என்று முடிவெடுத்தோம்.

குடும்பம் என்றால் ஐந்து பேர். நான், இவர், எங்கள் இரண்டு பெண்பிள்ளைகள், என் அக்கா. அத்தான் இறந்த பிறகு அக்கா தன் ஒரே மகனோடு எங்கள் வீட்டுக்கு வந்தவள். என் பிள்ளைகள் இரண்டும் அவள் மடியில்தான் வளர்ந்தன. மகனோ ஒருநாள் பள்ளிக்கூடம் போனவன், அப்படியே இயக்கத்துக்குப் போய்விட்டான். உயிரோடு இருக்கிறான் என்று ஆட்கள் சொல்வார்கள். எங்கே என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். எப்போதாவது லீவு கிடைத்தால் வீட்டுக்கு விடுவார்கள் என்பது மட்டும் எங்களுக்குத் தெரியும்.

அதனால், இந்தப் பயணத்தில் எனக்கிருந்த பெரிய பயம் காசைப் பற்றியதல்ல, ஆமியைப் பற்றியதுமல்ல. அக்கா எங்களோடு வருவாளா என்பதுதான். நான் கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன். ஆனால் ஏற்பாடு தொடங்கியதுமே முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னுக்கு நின்றவள் அவள்தான். அதைப் பார்த்து என் மனம் ஆறியது. வராதவள் இப்படி ஓடியாடித் திரிவாளா என்று நினைத்துக்கொண்டேன்.

திட்டம் முழுவதும் அக்காவின் தலைக்குள்தான் இருந்தது. ஓமந்தை வரைக்கும் உழவு இயந்திரம். அதற்குப் பிறகு எந்த வாகனமும் இல்லை. சாமான்களைத் தோளிலும் தலையிலும் சுமந்து நடந்து, ஆமியின் சோதனையைத் தாண்டினால் மற்றப் பக்கத்தில் வான் பிடிக்கலாம். ஆகவே எதைக் கொண்டுபோவது என்பதை எங்கள் பெட்டிகள் அல்ல, எங்கள் தோள்கள்தான் தீர்மானிக்கவேண்டியிருந்தது.

"தூக்க ஏலாததை விக்கவேணும். விக்க ஏலாததைக் குடுக்கவேணும். குடுத்தாலும் ஒருத்தரும் வாங்காததை எரிக்கவேணும்" என்றாள் அக்கா. கடைசியாகச் சொன்னபோது இவருடைய பழைய பத்திரிகைக் கட்டைப் பார்த்தாள்.

சவர்க்காரம் கட்டக்கூடாது, அங்கே மலிவு. அரிசி கட்டலாம், அங்கே விலை. வாடகைக்கு இரண்டு அறை வீடு காணும், மூன்று அறைக்கு ஆசைப்படக்கூடாது. இதை மட்டும் அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். ஐந்து பேருக்கு இரண்டு அறை எப்படிக் காணும் என்று நான் கேட்டபோது, "ஒடுங்கிப் படுத்தால் காணும்" என்று என் வாயை அடைத்துவிட்டாள். அக்காவின் சிக்கனம் ஊருக்கே தெரிந்த விஷயம். நானும் மேலே கேட்கவில்லை.

இவ்வளவுக்கும் காசு எங்கிருந்து வரும்? கூரையிலிருந்துதான். அப்போது அரசாங்கத் தடையால் எங்கள் வன்னிக்குள் ஒரு தகரம் வராது, ஒரு மூட்டை சீமெந்து வராது. இருக்கிற பழைய தகரத்துக்குச் சொன்னதுதான் விலை. இடம்பெயர்கிறவர்கள் முதலில் வீட்டுக் கூரையைத்தான் கழற்றுவார்கள். ஸ்கந்தபுரத்தில் புது வீடு போடுகிற ஒரு கமக்காரர், எங்கள் வீட்டுத் தகரம் முழுவதையும் தானே எடுப்பதாக ஒத்துக்கொண்டிருந்தார். உழவு இயந்திரத்துக்கும் வானுக்கும் வவுனியா வீட்டு முற்பணத்துக்கும் தேவையானதெல்லாம் எங்கள் தலைக்கு மேலே ஆணி அடித்துக் கிடந்தது.

ஒரு பின்னேரம் அக்கா எங்கள் எல்லோரையும் முற்றத்துக்குக் கூப்பிட்டாள். அவரவர் மூட்டையை அவரவர் தூக்கிக்கொண்டு வளவைச் சுற்றி நடக்கவேண்டுமாம். மூச்சு வாங்கினால் மூட்டையில் ஒரு சாமான் குறையும். ஓமந்தைக்கு அங்கால் போய் நடுவழியில் குந்தியிருக்கிறதை விட, இங்கே வேலியோரத்தில் குந்தியிருக்கிறது நல்லதாம். அயல்வீட்டுச் சனம் வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்க, நாங்கள் சாமி ஊர்வலம் போல வரிசையாகச் சுற்றினோம். எனக்கு மானம் போனது.

இவர் தன் சாய்மனைக் கதிரையைத் தலையில் வைத்திருந்தார். அதை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று அன்று காலையில்தான் அடம்பிடித்திருந்தார். "தம்பி, நீங்களே சுமந்து வாறதெண்டால் எனக்கொண்டுமில்லை" என்று அக்கா சொல்லியிருந்தாள். முதல் சுற்றில் நிமிர்ந்து நடந்தார். இரண்டாம் சுற்றில் தேசிமரத்தடியில் கதிரையை இறக்கினார். இறக்கியவர் அதிலேயே இருந்துவிட்டார். வேலிக்கு அப்பால் சிரித்தார்கள், பிள்ளைகள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். கதிரை அன்றைக்கே பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது.

என் மூட்டையிலிருந்து பித்தளைக் குடம் போனது. சின்னவளின் பையிலிருந்து கல்லும் சிப்பியும் போயின. நான் எரிச்சலோடு கேட்டேன்:

"எங்களைப் போட்டு வாட்டுறியள். உங்கட மூட்டை எங்கை அக்கா?"

"எனக்கென்ன, ரெண்டு சீலை. கடைசி நேரத்திலை கட்டலாம்" என்றாள்.

நம்பினேன். நம்பத்தான் எனக்கு ஆசை இருந்தது.

ஒரே ஒரு சிக்கல் தீராமல் கிடந்தது. வன்னியை விட்டு வெளியே போவதற்கு இயக்கத்திடம் பாஸ் எடுக்கவேண்டும். பாஸ் வேண்டுமென்றால் ஒருவர் பிணை நிற்கவேண்டும். போன குடும்பம் திரும்பி வரும்வரை பிணை நின்றவர் வெளியே காலெடுத்து வைக்கமுடியாது. இடம்மாறிப் போகிற நாங்கள் எப்போது திரும்பி வருவது? இது எல்லோருக்கும் தெரியும். ஆகவே நாங்கள் படலையைத் திறக்கும்போதே சொந்தக்காரர்களுக்கு வேறு அலுவல் வந்துவிடும். நான் வீடு வந்து எல்லோரையும் திட்டித் தீர்த்தேன். உண்மையில் அவர்களில் பிழை இல்லை. என்றைக்காவது தானும் வெளிக்கிடலாம் என்ற ஒரு நினைப்பில்தான் அப்போது எல்லோரும் நாளைக் கடத்திக்கொண்டிருந்தார்கள். அதை ஒருவர் எங்களுக்காக எப்படி விட்டுக்கொடுப்பார்?

இவர் சோறு இறங்காமல் இருந்தார். அப்போது அக்கா சொன்னாள்:

"பிணை அலுவலை என்னட்டை விடுங்கோ தம்பி. ஆள் இருக்கு."

"ஆரக்கா?"

"நல்ல ஆள்தான். பாஸ் பயணத்துக்கு முதல்நாள்தான் தருவினம். நானே எடுத்துக்கொண்டு வாறன்."

இவர் கையெடுத்துக் கும்பிடாத குறை. நானும் அந்தப் பெயர் தெரியாத நல்ல மனிதரை வாயார வாழ்த்தினேன்.

பயணத்துக்கு முதல்நாள் ஸ்கந்தபுரத்துக் கமக்காரர் இரண்டு ஆட்களோடு வந்தார். ஆணிகளை நெம்பி, ஒவ்வொரு தகரமாக இறக்கி, முற்றத்தில் அடுக்கினார்கள். நாங்கள் படுத்தெழும்பிய அறைக்குள் வெயில் நேராக விழுந்தது. சுவரில் சின்னவள் கரியால் கீறிய கோடுகள் எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. பார்க்காமல் திரும்பிக்கொண்டேன்.

வீட்டுக் கூரை முடிந்ததும், பின்பக்கம் தனியாக இருந்த, நாங்கள் சமைக்கிற குசினிக்கு ஏணியைக் கொண்டுபோனார்கள். அப்போதுதான் அக்கா, பாஸ் எடுக்கப் போனவள், படலையைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். வந்த வேகத்தில் ஏணியைப் பிடித்தாள்.

"குசினித் தகரத்தைக் கழட்டாதேங்கோ ஐயா. அதுக்குரிய காசைக் கழிச்சுப்போட்டு மிச்சத்தைத் தாங்கோ."

அவர் என்னைப் பார்த்தார். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"என்னக்கா விசர்க்கதை கதைக்கிறியள்? கூரையில்லாத வீட்டிலை குசினி ஆருக்கு?"

"எனக்கு" என்றாள்.

கையிலிருந்த பாஸை நீட்டினாள். நாலு பேருக்கு இருந்தது.

நான் கத்தினேன். கமக்காரர் நின்றார், வேலைக்கு வந்தவர்கள் நின்றார்கள், வேலிக்கு அப்பால் சனம் நின்றது, ஒருவரையும் நான் பொருட்படுத்தவில்லை. ஏமாற்றிவிட்டீர்கள் என்றேன். எங்களைக் குரங்காட்டம் ஆட்டிவைத்துவிட்டு இப்போது கைகழுவுகிறீர்கள் என்றேன். "அப்ப பிணை நிக்கிற அந்த நல்ல ஆள்...?"

"நான்தான்."

"நாங்கள் திரும்பி வராட்டில் உங்களை விடமாட்டினம். நினைச்சாலும் வர ஏலாது. அது தெரியுமோ தெரியாதோ?"

"போற ஆளைப் பிடிச்சு வைக்கத்தான் கடுதாசி வேணும். நான் எங்கை போறன்? அவன் வாற நேரம் வீடு சுவரும் மண்ணுமாய்க் கிடந்தால், எல்லாரும் தன்னை விட்டிட்டுப் போட்டினம் எண்டு நினைச்சுத் திரும்பிப் போடுவான். ஒரு குசினி கிடந்தால் காணும். புகையைக் கண்டால் உள்ளை வருவான்."

என்னிடம் கடைசியாக ஒன்று இருந்தது. அதையும் எடுத்து எறிந்தேன். "அப்ப என்ரை பிள்ளையள்? அதுகளும் நீங்கள் வளத்ததுகள்தானே?"

அக்கா ஏணியில் வைத்த கையை எடுக்கவில்லை.

"அதுகளுக்கு நீ இருக்கிறாய்" என்றாள்.

கமக்காரர் ஏணியைத் தோளில் எடுத்துக்கொண்டு காசை எண்ணிக் கொடுத்தார். இவர் ஒரு மூலையில் போயிருந்து கணக்குப் பார்த்தார். குசினித் தகரக் காசு குறைந்தும், எல்லாவற்றுக்கும் மட்டுமட்டாகக் காணும். இரண்டு அறை வீடு என்றால் காணும். எத்தனை நாளுக்கு முன்னரே அவள் தன்னைக் கழித்துவிட்டுக் கணக்குப் போட்டிருக்கிறாள் என்பது அப்போதுதான் விளங்கியது. இவர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அவர் அழுததை அதற்கு முன் நான் கண்டதில்லை.

மறுநாள் விடிய உழவு இயந்திரம் வந்தது. சோற்றுப் பார்சலை அக்கா வாழையிலையில் கட்டித் தந்தாள். மூத்தவள் பையைச் சரியாகக் கட்டவில்லை என்று அந்த நேரத்திலும் பேச்சு. பிள்ளைகள் இரண்டும் அவளை விடமாட்டோம் என்று கட்டிப்பிடித்துக் குளறின. ஒவ்வொரு கையாக விலக்கி ஏற்றிவிட்டாள். "போட்டு வாறம்" என்றோம். "ஓம்" என்றாள். படலைக்கு இங்கால் அவள் வரவில்லை.

ஓமந்தைக்கு அப்பால் நாங்கள் சுமந்துகொண்டு நடந்தோம். பக்கத்தில் எத்தனையோ குடும்பங்கள் மூட்டைகளை இறக்கி வைத்து, சிலதை ரோட்டோரத்தில் எறிந்துவிட்டு நடந்தன. எங்களில் ஒருவருக்கும் மூச்சு வாங்கவில்லை. அவள் அளந்து தந்தது அவ்வளவு சரியாக இருந்தது. அதற்காக அவள்மேல் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

வவுனியாவில் இரண்டு அறை வீட்டுக்கு வந்தோம். பிள்ளைகள் புதுப் பள்ளிக்கூடம் போகத் தொடங்கினார்கள். எனக்குக் கோபம் போகவில்லை. அங்கிருந்து யார் வந்தாலும் ஓடிப்போய் அக்காவை விசாரிப்பேன். சுகமாக இருக்கிறாள் என்பார்கள். அந்த ஒரு சொல்லைக் கேட்டுவிட்டு வந்து பாத்திரங்களைப் போட்டு அடிப்பேன். பெற்றவள் காத்திருக்கிறாள், அதில் என்ன பிழை என்று இவர் சொன்னால், நான் கூடப்பிறந்தவள், எனக்கு ஒரு நியாயம் இல்லையா என்று அவரோடு சண்டைக்குப் போவேன்.

மழைக்காலம் முடிந்து ஒருநாள், கிளிநொச்சியில் எங்கள் ஒழுங்கையில் இருந்த ஒரு வயதான அம்மா கண்ணுக்கு மருந்தெடுக்க வவுனியாவுக்கு வந்தா. இடம் விசாரித்து வீட்டுக்கு வந்து, தேத்தண்ணியைக் குடித்து முடித்த பிறகுதான் சொன்னா:

"உங்கட அக்கா ஒரு சங்கதி சொல்லிவிட்டவா பிள்ளை. அவாவின்ரை மகன் தம்பி வந்தவராம். ஒரு மத்தியானம். குளிச்சு, சாப்பிட்டு, கொஞ்ச நேரம் குசினிக்குள்ளையே படுத்தெழும்பிப் போட்டாராம்."

உடனே கேட்டேன். "என்ன கறி வைச்சவாவாம்?"

"அதை நான் கேக்கேல்லையே பிள்ளை."

இவ்வளவு தூரம் வந்த மனுசி அதைக் கேட்காமல் வந்திருக்கிறாவே என்று எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவன் இருக்கிறான். வந்தான், சாப்பிட்டான். அக்கா நினைத்தது நடந்துவிட்டது. எனக்கு அவள்மேல் இருந்த கோபம் எல்லாம் அந்த அழுகையோடு போய்விட்டது.

இவர் கந்தோரால் வந்து சப்பாத்தைக் கழற்றமுன்னரே சொன்னேன். அவருக்கும் சந்தோசம் தாங்கவில்லை. நெடுநேரம் சிரித்த முகத்தோடு இருந்தவர், பிறகு மெல்லக் கேட்டார்:

"அப்ப இனி அக்கா இங்கை வர யோசிப்பாவோ? ஏதும் வழி பாப்பமோ?"

"ஒருக்கா வந்தவன் இன்னொருக்கா வருவான்தானே" என்றேன். "இனி அவா அசையமாட்டா."