பூட்டைத் திறக்க முடியுதாம்மா?

போன வருடம் ஐப்பசி மாதம், ஸ்ரீவைகுண்டத்தில் எங்கள் வீட்டில் நடந்தது இது. இடது மார்பில் புற்றுநோய்க் கட்டி என்று திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து, நான் வீடு திரும்பி ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. கணவருக்கு வாழைக்காய் வியாபாரம். விடிந்ததும் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் வருவார். மகளைக் கட்டிக் கொடுத்தாயிற்று. பகலெல்லாம் நான் தனியாள்தான்.

எனக்கு யாரையும் சட்டென்று நம்பும் புத்தி கிடையாது. சிலிண்டர் போட வருகிறவரிடமே அடையாள அட்டை கேட்கிற ஆள் நான். போதாக்குறைக்கு அந்த வாரம்தான் அடுத்த தெருவில் ஒரு வீட்டுப் பூட்டை உடைத்துத் திருடியிருந்தார்கள். முந்தின நாள் யாரோ போன் பண்ணி வீட்டில் ஆள் இருக்கிறதா என்று நோட்டம் பார்த்தார்களாம். எதிர்வீட்டு மதினி சொன்னாள்.

இப்படிப் பயந்து கிடந்த நேரத்தில் புது நம்பரிலிருந்து எனக்கும் ஒரு போன். சின்ன வயசுப் பெண் குரல். என் பெயரையும் ஆஸ்பத்திரிப் பெயரையும் சரியாகச் சொன்னாள். "கை, தோள்பட்டை எப்படி இருக்குன்னு போன்லயே பாத்துருவோம்மா. இதுக்குன்னு நீங்க பஸ் ஏறி வர வேண்டாம்" என்றாள். எந்த ஆஸ்பத்திரி இப்படி வலிய வந்து விசாரிக்கும்? அடுத்து அவள் கேள்விகளை அடுக்கினாள்.

"சாவி போட்டுப் பூட்டைத் திறக்க முடியுதாம்மா?"

"கனமான கதவு இருந்தா நீங்களே தள்ளித் திறக்குதீங்களா?"

"மேல் அலமாரியில இருக்கறத எடுக்க முடியுதா?"

பூட்டு, கதவு, அலமாரி! ஆஸ்பத்திரிக்கும் என் வீட்டுப் பூட்டுக்கும் என்ன சம்பந்தம்? கை வழங்காத நோயாளி ஒருத்தி தனியாக இருக்கிறாள் என்று தெரிந்தால் அவ்வளவுதான், சாயங்காலத்துக்குள் வீட்டைத் துடைத்துவிடுவார்கள் என்று நினைத்தேன். குரலை உயர்த்தினேன்.

"எல்லாம் முடியும். இடது கையாலயே கதவத் தள்ளிருவேன். ரெண்டு கையாலயும் அரிவாளப் புடிச்சேன்னா வாழைத்தாரு ஒரே வெட்டுல விழும், பாக்குதியா? வீட்டுல நாலு ஆம்பளைங்க வேற இருக்காவ."

"வலி ஏதும் இருக்காம்மா?"

"வலியா? எனக்கா?"

அவள் நன்றி சொல்லி வைத்துவிட்டாள். திருடியை விரட்டிவிட்ட பெருமையோடு கதவைத் தாழ் போட்டேன், வலது கையால்.

உண்மையில் இடது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. தலையைக் குனிந்து ஒற்றைக் கையால் கொண்டை போட்டுக்கொள்வேன். மேல் அலமாரி டப்பாக்களை ஒவ்வொன்றாகக் கீழ்த்தட்டுக்கு மாற்றியிருந்தேன். இதெல்லாம் கணவருக்குக்கூடத் தெரியாது.

மறுநாள் மத்தியானம் அதே நம்பர். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "நீங்களே கேளுங்க" என்று போனை அவரிடம் நீட்டினேன். கொஞ்ச நேரம் கேட்டவர் அசடு வழிந்தார். "ஏளா, மறந்தே போனேன். வீட்டுக்கு அனுப்புத அன்னைக்கு என்கிட்ட கையெழுத்து வாங்கினாவல்லா, இப்படிப் போன்ல கேப்போம்னு அப்பமே சொன்னாவ."

அப்போதும் நான் நம்பவில்லை. ஆஸ்பத்திரிச் சீட்டில் இருந்த நம்பருக்கு அவரைப் பேச வைத்து, அந்தப் பெண் அங்கே வேலை பார்க்கிற பிசியோதெரபிஸ்ட்தான் என்று உறுதியான பிறகே அவளை மறுபடி அழைத்துப் பேசினேன்.

"பூட்டு, கதவுன்னு கேட்டது கை எவ்வளவு வேலை செய்யுதுன்னு தெரிஞ்சுக்கத்தாம்மா. நான் பேசின எல்லாரும் ஏதாவது ஒண்ணாவது முடியலன்னு சொன்னாங்க. ஒண்ணுவிடாம எல்லாம் முடியும்னு சொன்னது நீங்க மட்டுந்தான். அதான் சந்தேகமா இருந்துச்சு. அத அப்படியே எழுதியிருந்தா உங்களுக்குப் பயிற்சி வேண்டாம்னு விட்டுருவாங்க. தோளு இறுகிப் போயிரும்."

என்னைவிடச் சந்தேகக்காரி ஒருத்தி இருந்தது நல்லதாய்ப் போயிற்று.

வீடியோ கால் போட்டாள். போனை ஒரு தகரச் சம்படத்தில் சாய்த்து வைத்து எதிரே நின்றேன். "ரெண்டு கையையும் பக்கவாட்டுல பைய தூக்குங்கம்மா" என்றாள். வலது கை காதை ஒட்டி நின்றது. இடது கை பாதியிலேயே நின்றுவிட்டது. போன் மூலையில் சின்னக் கட்டத்துக்குள் என் உருவம் தெரிந்தது. கண்ணாடி பார்ப்பதையே விட்டிருந்த நான் அன்றுதான் என்னை முழுசாகப் பார்த்தேன். அடக்க முடியாமல் அழுதேன். பின்னால் நின்ற கணவர், "இம்புட்டுதான் தூக்க முடியுதா? என்கிட்ட சொல்லவே இல்லியே" என்றார்.

சுவரில் விரல்களை மெல்ல மேலே நடத்தும் பயிற்சி கொடுத்தாள். எட்டிய இடத்தில் வாராவாரம் அவர் பென்சிலால் கோடு போட்டார். தை மாதம் ஊறுகாய் ஜாடி மறுபடியும் மேல் அலமாரிக்குப் போனது. இடது கையால் நானே வைத்தேன்.

திருடிக்குச் சொன்ன பொய் என்று இதைச் சொல்லிச் சிரிப்பேன். ஆனால் "கை எப்படி இருக்கு?" என்று தினமும் கேட்ட மனுஷனுக்கும் நான் அதே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன் என்பதை நினைத்தால் சிரிப்பு நின்றுவிடுகிறது. இப்போது அவர் கேட்டால், முதலில் கையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறேன்.