பத்தாவது பெயரைத் தேடித் திருப்பூருக்கு

சனிக்கிழமை காலை ஆறேகாலுக்குக் கோவில்பட்டியில் பஸ் ஏறினேன். சூட்கேஸில் விண்ணப்பப் படிவங்கள். துணிப்பையில் சோதனைக் குழாய்களும் செம்பருத்திப் பூச்சாறு நிரப்பிய இரண்டு பாட்டில்களும். 2007, மே மாதம். எங்கள் கல்லூரி கோவில்பட்டிக்கு ஒன்பது கிலோமீட்டர் தள்ளிக் கரிசல் காட்டுக்கு நடுவே இருக்கிறது. பதினெட்டு வருடமாக அங்கே வேதியியல் நடத்துகிறேன். ஊரே கம்ப்யூட்டர் பின்னால் ஓடிக்கொண்டிருந்த காலம். பத்துப் பேராவது சேராவிட்டால் இந்த ஆண்டு வேதியியல் முதலாண்டு வகுப்பே கிடையாது என்று முதல்வர் சொல்லிவிட்டார். எட்டுப் பேர் சேர்ந்திருந்தார்கள். மீதி இரண்டு பேரைத் திருப்பூர் கல்லூரிக் கண்காட்சியில் பிடித்து வரும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நம் பக்கத்துக் குடும்பங்கள் அங்கே ஏராளம் என்பது அவருடைய நம்பிக்கை.

மதுரையில் பஸ் மாறினேன். டிக்கெட் அறுபத்தெட்டு ரூபாய். தாராபுரம் தாண்டியதும் இரண்டு பக்கமும் காற்றாலைகள். பக்கத்து இருக்கைக்காரர் பல்லடத்தில் இறங்கிச் சாமளாபுரம் போகிறவர், விசைத்தறி வைத்திருந்தார். நான் எதற்கு வருகிறேன் என்று கேட்டுத் தெரிந்துகொண்டார்.

"நாளைக்குக் காலைல கடைய விரிச்சு வெச்சுட்டு யாரும் வரலையேன்னு வெசனப்படாதீங்க. ஆர்டர் அவசரம்னா ஞாயித்துக்கிழமையும் மத்தியானம் வரைக்கும் கம்பெனி ஓடும்ங்க. ரெண்டு மணிக்கு மேல பாருங்க கூட்டத்தை."

விஷயம் தெரியாத மனிதர் என்று நினைத்துக்கொண்டேன். என் புத்தி அப்படி.

ஞாயிறு காலை ஒன்பது மணி. அனுப்பர்பாளையம் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். மணமேடை இருந்த இடத்தில் ஒரு பொறியியல் கல்லூரி பெரிய டிவி வைத்து நீச்சல் குளம் காட்டிக்கொண்டிருந்தது. வருகிறவர்களுக்கெல்லாம் ஒரு பை, ஒரு பேனா. எனக்குப் பந்திக் கூடத்துக்குப் போகும் வழியில் ஒரு மேஜை. சோதனைக் குழாய்களை வரிசையாக நிறுத்தினேன். பன்னிரண்டு மணி வரை என்னிடம் வந்தவர்கள் மூன்று பேர். மூவரும் கை கழுவும் இடம் எங்கே என்று கேட்டார்கள். பயணப்படியை வீணடித்துவிட்டு வெறுங்கையோடு முதல்வர் முன் எப்படி நிற்பது என்று யோசித்தபடி குழாய்களை மறுபடி துடைத்து வைத்தேன்.

இரண்டரை மணிக்கு மண்டபம் நிறைந்தது. பஸ்ஸில் வந்தவரை மனதுக்குள் கும்பிட்டேன். வேலை முடிந்து நேரே வந்தவர்கள் பலர். தலையில் பனியன் பஞ்சு அப்படியே ஒட்டியிருந்தது. நான் செம்பருத்திச் சாற்றில் எலுமிச்சையைப் பிழிந்து சிவப்பாக்கினேன். இன்னொரு குழாயில் சோப்புத் தண்ணீர் விட்டுப் பச்சையாக்கினேன். ஒரு பெண் நின்றாள். பெயர் ஜெபா, பிளஸ் டூ முடித்தவள்.

"சார், ஒரே சாயத்துல முக்குன துணிதான். ஒரு லாட்டுல சாயம் போகுது, இன்னொரு லாட்டுல போகல. அது ஏன்?"

பதினெட்டு வருடத்தில் எந்தப் பிள்ளையும் என்னிடம் முதல் கேள்வியாக இப்படி ஒன்றைக் கேட்டதில்லை. சாயம் நூலோடு பிணைவதையும், பிணையாமல் தங்கியது அலசும்போது கழன்று வருவதையும் படம் போட்டுச் சொன்னேன். அவள் அடுத்த கேள்விக்குத் தயாராக இருந்தாள். ஒன்பதாவது பெயர் கிடைத்துவிட்டது என்று படிவத்தை நீட்டினேன். அதை வாங்கியது அவள் அம்மா செல்வமேரி. விளாத்திகுளத்துக்காரர், பன்னிரண்டு வருடமாக இங்கே ஒரு பனியன் கம்பெனியில், தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் வேலை.

"கோவிச்சுக்கிடாதீங்க சார். ஒரு பீஸைக்கூட உள்பக்கம் திருப்பிப் பாக்காம நான் பாஸ் பண்ண மாட்டேன். நீங்க விக்கிறவுக, நல்லாத்தான் சொல்லுவீக. போட்டுப் பாத்தவுக யாராச்சும் கூட வந்திருக்காகளா?"

யாரும் வரவில்லை. யோசித்து, இந்த ஆண்டு மூன்றாமாண்டு முடித்த பேச்சியம்மாளுக்கு என் செல்போனில் அடித்தேன். தேர்வு முடிந்து வீட்டில் இருந்தாள். விஷயத்தைச் சொல்லிப் போனைக் கொடுத்தேன்.

"நீங்க வெளிய போயி ஒரு டீ குடிச்சிட்டு வாங்க சார்" என்றார் செல்வமேரி. "நீங்க நின்னா அந்தப் பிள்ளை நிசத்தைச் சொல்லாது."

டீ மூன்று ரூபாய். கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னங்க சார், பொண்ணு பாத்துட்டுப் போன மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க பதிலுக்கு நிக்கற அப்பா மாதிரி நிக்கறீங்க?" என்றார். நிலைமை ஏறக்குறைய அதுதான். பேச்சியம்மாள் வாயாடி. எதை உளறிவைப்பாளோ என்று பதறியபடி இரண்டாவது டீயும் குடித்தேன்.

திரும்பிய போது செல்வமேரி படிவத்தின் பின்பக்கத்தில் குறிப்பு எழுதி வைத்திருந்தார்.

"நாலு டிஃபெக்ட் சொல்லுச்சு. ஆஸ்டல் சாம்பார் தண்ணி. மூணாவது பாத்ரூம் கதவுக்குக் கொண்டி இல்ல. சாயங்கால பஸ் தவறுனா ஒரு மணி நேரம் நிக்கணும். நாலாவது நீங்க. போர்டைப் பாத்தே பாடம் எடுப்பீகளாம், பிள்ளைக முகத்தைப் பாக்க மாட்டீகளாம்."

எனக்குக் காது சூடாகிவிட்டது.

"ஆனா, புரியலன்னு போயி நின்னா, எத்தன மணி ஆனாலும் புரிய வெச்சிட்டுத்தான் வீட்டுக்குப் போவீகன்னு சொல்லுச்சு. துணி நல்ல துணி சார். மத்ததெல்லாம் ஆல்ட்டர் பண்ணிக்கிடலாம். கொண்டிய மட்டும் நான் ஜூன்ல வாரதுக்குள்ள போட்டுருங்க."

ஜெபா கையெழுத்துப் போட்டாள். நான் ரசீது எழுதுமுன் பின்னால் ஒரு குரல்: "ஏனுங்க சார், அந்தப் போனை எங்களுக்கும் ஒருக்கா குடுங்க. எம் பையனுக்கும் கேக்கோணும்." சாயப் பட்டறை மேஸ்திரி ஒருவர், மகனோடு நின்றுகொண்டிருந்தார். இந்தத் தடவை யாரும் சொல்லாமலே வெளியே போய்விட்டேன்.

மாலை ஐந்தரைக்குப் பழைய பேருந்து நிலையத்தில் மதுரை பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை கிடைத்தது. எங்கள் பக்கத்தில் வாத்தியார் என்றால் கும்பிட்டு, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். அதை மரியாதை என்று இத்தனை நாள் சந்தோஷப்பட்டிருக்கிறேன். பதினெட்டு வருடத்தில் ஒருநாள்கூட அந்த ஆஸ்டலைப் பற்றி எந்தப் பிள்ளையிடமும் நான் கேட்டதில்லை என்பது பல்லடம் போவதற்குள் உறைத்தது. வெட்கமாக இருந்தது; மனம் நிறைந்தும் இருந்தது.

முதல்வர் போன் செய்தார்.

"எத்தனை பேர் சார்?"

"ரெண்டு பேர் சார். பத்து ஆயிருச்சு."

"அட! அப்படி என்னய்யா சொல்லிச் சேர்த்தீரு?"

"நான் ஒண்ணும் சொல்லல சார். டீக்கடையில நின்னேன்."