கல்லைக் கழுவியது நான்தான்

செவ்வாய்க்கிழமை காலை நம் கடல்மீன் தொட்டிக் குழுமத்தில் ஒரே ஒரு வரி வந்தது: "சிதம்பரம் ஸ்டீபன் தவறிட்டார்." மஞ்சள் காமாலையாம். முப்பத்தொரு வயது. அவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிகிறதா என்று உடனே பார்த்தேன். என்ன முட்டாள்தனம்!

உங்களில் பலருக்கு அவரை எழுத்தில்தான் தெரியும். சிதம்பரம் கீழவீதியில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். குழந்தை பிறந்ததும் வீட்டில் இடமில்லாமல் தொட்டியைக் கலைத்தார். அதிலிருந்த உயிர்க்கற்களை, நுண்ணுயிர்கள் குடியிருந்து தண்ணீரைச் சுத்தமாக்கும் கடற்கற்களை, நான் வாங்கினேன். உப்புத் தண்ணீரில் நனைத்த செய்தித்தாளில் ஒவ்வொன்றையும் சுற்றி, பெட்டியோடு என்னைக் கடலூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்.

"மச்சான், வழியில கொஞ்சம் உசுரு சாவும், நாறும். டப்புல உப்புத் தண்ணில ஒரு மாசம் வுடு. கடக்கரை வாசம் வந்தா தொட்டில போடு. மீன் மார்க்கெட் வாசம் வந்தா பொத்திகினு இரு."

ஒரு மாசம் பொறுக்க என்னால் முடியுமா? தினமும் சாட்டில் நச்சரித்தேன்.

"போட்லாமா?"

"மோந்து பாத்தியா?"

"மார்க்கெட்தான்."

"அப்புறம் இன்னா கேள்வி?"

பதினெட்டாம் நாள், நாற்றம் போகட்டுமென்று கற்களை போர்வெல் தண்ணீரில் தேய்த்துக் கழுவித் தொட்டியில் அடுக்கினேன். தொட்டியிலிருந்த கோமாளி மீன் இரண்டும் மறுநாள் செத்து மிதந்தன. ஆத்திரத்தில் குழுமத்தில் எழுதினேன்: 'ஸ்டீபன் செத்த கல்லை விற்று ஏமாற்றிவிட்டார்.' நீங்களும் சேர்ந்து திட்டினீர்கள்.

அவர் பதில் எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வாசலில் நின்றார். ஒரு கல்லை எடுத்து மோந்தார்.

"நல்ல தண்ணில கழுவுனியா?"

"அழுக்கா இருந்துச்சு மச்சான்..."

"அந்த அழுக்குதான்டா உசுரு. நல்ல தண்ணி பட்டா செத்துடும். உள்ள கொஞ்சம் மிச்சம் இருக்கும், திரும்ப வளரும்."

சிரித்தார். தரையில் குந்தி உப்பைக் கரைத்து, கற்களை மறுபடியும் டப்பில் இறக்கினார். "குழுமத்துல உண்மைய எழுதிடறேன்" என்றேன். "மொதல்ல கல்லப் பாரு" என்றார்.

எழுதவில்லை. வெட்கம். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று மூன்று வருடம் ஓடிவிட்டது. அதற்கப்புறம் குழுமத்தில் யாரும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. அவர்தான் என்னைக் கேட்பார்: "ஊதா ஏறிச்சா? போட்டோ போடு, என் கல்லப் பாக்கணும் போல இருக்கு." ஊதாப் பாசி படர்ந்தால் கல் தேறிவிட்டது என்று அர்த்தம்.

ஏறியது. ஸ்டீபன் ஏமாற்றவில்லை; நல்ல கல்லைக் கழுவிக் கொன்றவன் நான். என் பழைய பதிவின் கீழும் இதை எழுதிவிட்டேன்.

அவருடைய பதினோரு கற்களும் என்னிடம் இருக்கின்றன. "பெரிய வீடா பாத்துப் போனதும் திருப்பிக் கேப்பேன், பாத்துக்க" என்பார். கொடுக்க மனமில்லாமல் பேச்சை மாற்றுவேன். இப்போது, ஒரு தடவை கேட்கமாட்டாரா என்றிருக்கிறது.