வயிற்றில் இருந்த காற்று

பித்தப்பையை எடுத்த மூன்றாம் நாள், மகளுக்குப் பேசியிருந்த பையனின் தாயும் தகப்பனும் நோர்பரியிலிருந்து என்னைப் பார்க்க வந்தார்கள். சுகமில்லாதவரைப் பார்க்கப் போகாமல் விடுவது எங்கள் சனத்திடம் மன்னிக்க முடியாத குற்றம். வரவேண்டாம் என்று சொல்வது அதைவிடப் பெரியது.

துளை போட்டுச் செய்யும் சத்திரசிகிச்சை சின்ன விஷயம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நாலு சின்ன வெட்டு, அன்றைக்கே வீடு. வந்தேன்தான். ஆனால் கமராவை உள்ளே விடுவதற்கு வயிற்றைக் காற்றடித்து ஊதுவார்கள் என்பதையும், அதில் மிச்சம் கொஞ்சம் சில நாள் உள்ளேயே நிற்கும் என்பதையும் நான் யோசித்திருக்கவில்லை. மயக்க மருந்தோடு குடலும் படுத்துவிட்டது. மூச்சுக்குக் குழாய் வைத்த தொண்டை கரகரத்தது. வீட்டுக்கு வந்தும் மருந்து மயக்கம் தெளியாமல், அடுப்படியில் நின்று கத்தரிக்காயைக் கையில் வைத்துக்கொண்டு அதன் பெயரைத் தேடினேன். வீட்டுக்கு அனுப்பும்போது தாதி என்னவோ விளக்கமாகச் சொன்னாள். நானும் பெரிய மனுசி மாதிரித் தலையாட்டினேன். ஒரு சொல்லும் மண்டையில் நிற்கவில்லை. மகள் அப்போது காரை எடுத்துவரப் போயிருந்தாள்.

அவர்கள் வந்த அன்று காலைதான் குடல் விழித்தது. அறைக் கதவைச் சாத்திவிட்டு, ஆருக்கும் கேட்காமல், ஆசை தீரக் காற்றை விட்டேன். அவ்வளவு நிம்மதி.

தொளதொளவென்று எதையாவது போடுங்கள் என்று மகள் சொன்னாள். சம்பந்தியாகப் போகிறவர்கள் முன்னால் நைட்டியோடு இருப்பதா? சேலைதான் உடுத்தேன். உள்பாவாடை நாடாவைத் தொப்புள் பிளாஸ்டருக்கு மேலாக, வழக்கம்போல இறுக்கி முடிச்சுப் போட்டேன். மாதம் நிறைந்தவள் மாதிரி இருந்த வயிற்றை முந்தானையால் மறைத்துக்கொண்டு போய் சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அவர்கள் கல்யாண மண்டபங்களைப் பற்றிக் கதைத்தார்கள். நான் சிரித்தேன். உள்ளே வயிறு உருண்டது, அடக்கினேன். அடக்க அடக்க வியர்த்தது. அதோடு வலது தோள்மூட்டில் கத்தியால் குத்துவதுபோல ஒரு வலி. என்னை அறியாமல் தோளைப் பிடித்துவிட்டேன்.

மகளின் முகம் வெளுத்தது. அவளுடைய அப்பா போனது இதே சோபாவிலிருந்துதான். அன்றும் வீட்டில் ஆட்கள். நெஞ்சைத் தடவிக்கொண்டு, வெறும் வாய்வு என்று சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்த மனுசன். மகள் போனை எடுத்து அம்புலன்ஸைக் கூப்பிட்டாள்.

அம்புலன்ஸில் வந்த வெள்ளைக்காரப் பெண் நெஞ்சில் வயர்களை ஒட்டிப் பார்த்துவிட்டு, இதயத்தில் பிழையில்லை என்றாள். வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு ஒன்று கேட்டாள். எனக்கு விளங்கியது. விளங்காததுபோல் இருந்தேன். பதற்றத்தில் மகள் அதைத் தமிழில் உரத்துக் கேட்டாள்.

"அம்மா, ஒப்பரேசனுக்குப் பிறகு காத்துப் போனதோ எண்டு கேக்கினம்."

சம்பந்தியம்மா தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

"இல்லை," என்றேன். எங்கள் குடும்பத்தில் அப்படியான பழக்கமே இல்லை என்பதுபோல.

அம்புலன்ஸ்காரர் பயப்படுகிற பதில் அதுதான் என்பது எனக்குத் தெரியாது. வயிறு ஊதியிருக்கிறது, காற்றும் போகவில்லை என்றால் குடல் அடைத்திருக்கலாமாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்றாள். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. சம்பந்தி வீட்டார் எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருக்க, என்னைத் தூக்கிப் போனார்கள்.

அம்புலன்ஸில் மல்லாக்கப் படுத்ததும் தோள்வலி பாதியாகக் குறைந்தது. வயிற்றில் மிஞ்சிய காற்று தோளில் வந்து குத்தும், படுத்தால் குறையும் என்று தாதி சொன்னது அப்போதுதான் நினைவில் வந்தது. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு டொக்டரிடம் மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நான் பேசாமல் கிடந்தேன்.

வீதித் திட்டு ஒன்றில் வண்டி ஏறி இறங்கியது. அடக்கி வைத்ததெல்லாம் நீளமாக, சத்தமாக வெளியே வந்தது. பிள்ளையைப் பாராட்டுவதுபோல அந்தப் பெண் என்னைப் பாராட்டினாள். எனக்கு வண்டியிலிருந்து குதிக்கலாம் போலிருந்தது.

மகள் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"காலமையும் போனதோ?"

"ஓம்."

அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

"அப்பாவும் ஆக்கள் இருக்கினம் எண்டுதானே சொல்லாமல் இருந்தவர்."

பிறகு போர்வைக்குள் கையை விட்டு, என் உள்பாவாடை நாடாவின் முடிச்சைத் தேடினாள். இறுகிப் போயிருந்தது. வலிக்காமல் அதை அவிழ்க்க அவள் நகத்தால் மினக்கெட்டுக்கொண்டிருந்த நேரம் முழுவதும், நான் வண்டியின் கூரையையே பார்த்துக்கொண்டு கிடந்தேன்.