பஞ்சண்ணை கிணற்றால் வந்த கதை

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மருதனார்மடச் சந்தியில் உள்ள சாப்பாட்டுக் கடையொன்றில், நாங்கள் மூன்று பேர் ஒரு பொதியைப் பிரித்துக்கொண்டிருந்தோம். மூவரில் இளையவருக்கே நாற்பத்துமூன்று வயது. பொதிக்குள் இருந்தவை ஒரே கொமிக்ஸ் புத்தகத்தின் மூன்று பிரதிகள். விதானையாரின் மருமகன் சென்னைக்கு வைத்தியத்துக்குப் போனவர், பலாலிக்குத் திரும்பி வந்த விமானத்தில் சேலைகளுக்கு நடுவே வைத்துப் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார்.

விதானையார் என்று நான் சொல்வது எங்கள் கிராம அலுவலரை. அடுத்த வருடம் ஓய்வு பெறப்போகிறவர். மற்றவர் வட்டுக்கோட்டைப் பாதையில் பஸ் ஓட்டும் சாரதி. நான் விவசாயப் போதனாசிரியர். அச்சுவேலிப் பக்கத்து வெங்காயத் தோட்டங்களுக்கு ஸ்கூட்டியில் போய், இலை ஏன் மஞ்சளாகிறது என்று பார்த்துச் சொல்வது என் தொழில். எங்கள் மூவரையும் ஒரே மேசையில் இருத்தியவன் பஞ்சண்ணை.

அவனுக்கு அட்டையில் பெரிய வீரப் பெயர் ஒன்று இருந்தது. எங்கள் ஊரில் ஒருவரும் அதைச் சொன்னதில்லை. அவன் தன் உடம்பின் பாரத்தை நினைத்தபடி கூட்டுவான், குறைப்பான். பஞ்சாகிக் கூரைகளுக்கு மேலே மிதந்து போவான். பாறையாகிக் கள்ளர்களின் கார் மீது இறங்குவான். அதனால் பஞ்சண்ணை. எங்கள் சின்ன வயதில் இந்தியாவிலிருந்து மாதத்துக்கு ஒரு புத்தகம் வரும். பிறகு சண்டை தொடங்கியதும் கப்பலும் வரவில்லை, புத்தகமும் வரவில்லை. அங்கேயும் சில வருடங்களில் பதிப்பகம் அதை நிறுத்திவிட்டது.

இப்போது, இத்தனை வருடத்துக்குப் பின், அந்த வரிசையை வண்ணத்தில், புதிய ஓவியரைக் கொண்டு, இந்தக் காலத்துக் கதையாக மீண்டும் கொண்டுவரப்போவதாக அறிவித்தார்கள். கனடாவில் இருக்கும் என் தம்பி தொடக்கிய வாட்ஸ்அப் குழு ஒன்று எங்களுக்கு இருந்தது. அந்த அறிவித்தல் வந்த நாளில் என் கைபேசி விடாமல் கத்திய கத்தலைக் கேட்டு என் கணவர் குளியலறையிலிருந்து ஓடிவந்தார்.

"ஆரும் மோசம் போட்டினமே? செத்தவீடே?"

"இல்லையப்பா. பஞ்சண்ணை திரும்பி வாறானாம்."

அவர் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு குளியலறைக்கே திரும்பிப் போனார்.

பொதி பிரிந்ததும் முதல் அலறல் சாரதியுடையது. "தாடி! பஞ்சண்ணைக்குத் தாடி வைச்சிட்டாங்கள்!"

விதானையார் மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கினார். "சால்வை எங்கை?" முதுகில் பறக்கும் துணியை நாங்கள் சால்வை என்றுதான் சொல்வோம். புதிய பஞ்சண்ணைக்கு அது இல்லை. "சால்வை இல்லாமல் என்னெண்டு மிதக்கிறது?"

"முந்தியும் சால்வையாலை மிதக்கேல்லையே, ஐயா" என்றேன்.

"அது தெரியும் தங்கச்சி. ஆனால் ஒரு மரியாதை இருக்கெல்லே."

எனக்கு உள்ளுக்குள் தாடி பிடித்திருந்தது. அந்தச் சூழ்நிலையில் அதைச் சொல்லவில்லை.

முதல் புத்தகத்தில் அவர்கள் எடுத்துக்கொண்ட கதை எது என்று கண்டதும் மூவரும் புத்தகத்தின் மேல் குனிந்தோம். அது பழைய இரண்டு பாகக் கதை. வில்லன் பஞ்சண்ணையை இரும்புப் பெட்டிக்குள் பூட்டிக் கடலில் தள்ளிவிடுவான். பஞ்சாக மாறினாலும் பெட்டியின் பாரம் கீழேதான் இழுக்கும். கடைசிப் படத்தில் மேலே வெளிச்சம் ஒரு பொட்டாகச் சுருங்கும். 'தொடரும்' என்று போட்டிருப்பார்கள். எங்களுக்கு வந்து சேர்ந்த கடைசிப் புத்தகம் அதுதான். இரண்டாம் பாகம் யாழ்ப்பாணத்துக்கு வரவேயில்லை.

ஆளுக்கொரு பிரதியாக வாசிக்கத் தொடங்கினோம். ஒருவரும் கடைசிப் பக்கத்துக்குத் தாவக்கூடாது என்று விதானையார் உத்தரவு போட்டார். பெட்டி கடலுக்குள் இறங்கும் பக்கங்கள் அபாரம். நீலம் கறுத்துக்கொண்டே போகிறது. ஒரு மீன் வந்து பெட்டியின் ஓட்டையால் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது. பிறகு பக்கத்தைப் புரட்டினால், மேலே ஹெலிகொப்டர். அதிலிருந்து ஒரு பெரிய காந்தம் இறங்குகிறது. பெட்டி காந்தத்தில் ஒட்டுகிறது. பஞ்சண்ணை தப்பிவிடுகிறான். அவ்வளவுதான்.

சாரதி மேசையில் அடித்த அடியில் பிளேன்ரீ சிந்தியது.

"மாத்திப் போட்டாங்கள்! முடிவை மாத்திப் போட்டாங்கள்!"

"எந்த முடிவை?" என்றார் விதானையார்.

"பஞ்சண்ணை கிணத்தாலை எல்லோ வாறவன்! பெட்டிக்குள்ளை இருந்து தன்ரை பாரத்தைக் கூட்டிக் கூட்டி, பெட்டியின்ரை அடியைப் பிரிச்சுக்கொண்டு விழுவான். பேந்து கடலுக்கு அடியாலை நடந்து வந்து, அடியில்லாத கிணறு ஒண்டுக்குள்ளாலை ஏறுவான். தண்ணி அள்ள வந்த தோட்டக்காரன் வாளியோடை இவனையும் இழுத்து எடுத்து, கிழங்கு அவிச்சுக் குடுப்பான். நான் ரெண்டாம் பாகம் வாசிச்சனான். பச்சை அட்டை!"

வாய்க்குக் கொண்டுபோன வடை என் கையிலேயே நின்றது.

அந்தக் கிணற்றை நான்தான் வெட்டினேன். அந்தக் கிழங்கை அவித்தவளும் நான்தான்.

எனக்குப் பதின்மூன்று வயது, தம்பிக்கு ஏழு. அவனுக்குக் கொப்புளிப்பான் போட்டிருந்தது. வேப்பிலை பரப்பிய பாயில் படுத்துக்கொண்டு உடம்பெல்லாம் சொறிந்தான். சொறியக்கூடாது என்று அம்மா கெஞ்சிப் பார்த்தார், அதட்டிப் பார்த்தார். அவன் கேட்டது ஒன்றைத்தான்: பஞ்சண்ணைக்கு என்ன நடந்தது? நான் ஒரு நாள் பள்ளிக்கூடத்தால் வந்தவுடன், கூடப் படிக்கும் பிள்ளையின் வீட்டில் இரண்டாம் பாகம் இருக்கிறது, அங்கேயே இருந்து வாசித்துவிட்டேன், இரவல் தரமாட்டாளாம் என்று சொன்னேன். ஒரு முறை சொறிந்தால் கதை அன்றைக்கு நிற்கும் என்பது கட்டளை. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு கேட்டான்.

பெட்டிக்குள்ளிருந்து அவனை எப்படி வெளியே எடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. மேலே வர வழியில்லை என்றால் கீழேதானே போகவேண்டும்? அதனால் பாரத்தைக் கூட்டவைத்தேன். கடலடியில் நடக்கவிட்ட பிறகு எங்கே ஏற்றுவது? எங்களுக்குத் தெரிந்த ஒரேயொரு அடியில்லாத கிணறு நிலாவரைக் கிணறு. அது கடலோடு தொடுப்பு என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். பஞ்சண்ணை அதற்குள்ளால் ஏறினான். பத்தியச் சாப்பாட்டில் நாக்குச் செத்துப்போயிருந்த தம்பி, "ஏறி வந்து என்ன சாப்பிட்டவன்?" என்று கேட்டான். அவித்த மரவள்ளிக்கிழங்கும் வெங்காயச் சம்பலும் என்றேன். அவனுக்கு வாயூறியதை நான் பார்த்தேன். ஐந்து நாள் இழுத்த கதை. அவன் முகத்தில் ஒரு தழும்பும் இல்லை.

அந்தக் கதை எப்படி இந்தச் சாரதியின் வாய்க்கு வந்தது? கேட்கத் துணிவில்லாமல், தோட்டம் பார்க்கப் போகவேண்டும் என்று பொய் சொல்லி எழுந்து வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை எந்த உத்தியோகத்தர் தோட்டம் பார்க்கப் போகிறார்?

பின்னேரம் தம்பி அழைத்தான். சாரதி பக்கங்களைப் படம் எடுத்துக் குழுவில் போட்டிருந்தார். அவன் குரலில் தீப்பறந்தது.

"அக்கா, பாத்தியே? ஹெலிகொப்டராம், காந்தமாம்! என்ரை பஞ்சண்ணையை ஆணி பொறுக்கிற மாதிரிப் பொறுக்கி எடுத்திருக்கிறாங்கள். நான் பதிப்பகத்துக்கு ஒரு மனு எழுதிப்போட்டன்."

"மனுவோ?"

"மூல முடிவைத் திருப்பித் தா எண்டு. குழுவிலை பாதிப் பேர் கையெழுத்து. கேள், வாசிக்கிறன். 'இரண்டாம் பாகத்தை அக்காலத்திலேயே நேரில் வாசித்தவரும் தற்போது அரச உத்தியோகத்தருமான என் மூத்த சகோதரி இதற்குச் சாட்சி.' நல்லா இருக்கே?"

"பொறு, உதை இப்ப அனுப்பாதை."

"அனுப்பி ஒரு மணித்தியாலம் ஆகுது."

அவனிடம் மெல்ல விசாரித்ததில் மற்றதும் விளங்கியது. நாங்கள் இடம்பெயர்ந்து தென்மராட்சியில் இருந்த மாதங்களில், மரத்தடியில் நடந்த வகுப்பில், ஆசிரியர் வராத நாட்களில் தம்பிதான் கதைசொல்லி. பஞ்சண்ணையின் இரண்டாம் பாகத்தை வகுப்புக்கே சொல்லியிருக்கிறான். வலிகாமத்து ஊர்கள் எல்லாவற்றிலுமிருந்து வந்த பிள்ளைகள் அங்கே இருந்தார்கள். அவர்கள் வீடு திரும்பியபோது கிணறும் கிழங்கும் ஊர் ஊராகத் திரும்பியிருக்கின்றன.

மூன்று நாள் சரியாகச் சாப்பிட முடியவில்லை. வெங்காயத்துக்குத் தெளிக்கும் மருந்தின் அளவை ஒருவருக்கு மாற்றிச் சொல்லிவிட்டு, பாதி வழியிலிருந்து ஸ்கூட்டியைத் திருப்பிக்கொண்டு ஓடினேன். கடைசியில் கணவரிடம் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் கதிரை ஆடியது. சிரித்து முடித்து, "சொல்லிப்போடு. அரச உத்தியோகத்தர் எண்டு வேறை போட்டிருக்கிறான்" என்றார்.

அடுத்த ஞாயிறு அதே கடை. தம்பியை வீடியோ அழைப்பில் எடுத்துத் தண்ணீர்ச் சாடியில் சாய்த்துவைத்தேன். பதிப்பகத்தை எப்படி மடக்குவது என்று மூவரும் தொடங்குமுன் நான் வாயைத் திறந்தேன்.

"ரெண்டாம் பாகத்தை நான் வாசிக்கேல்லை. கிணறு நான் கட்டின கதை. இவனுக்குக் கொப்புளிப்பான். சொறியாமல் இருக்கச் சொன்னனான்."

விதானையார் கைகளைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்தார். அவரிடம் வதிவிடச் சான்று கேட்டு வருபவர்களைப் பார்க்கும் பார்வை அது. "உதுக்கு என்ன ஆதாரம் தங்கச்சி?"

"ஐயா, கதை நடக்கிறது எங்கையோ ஒரு வெளிநாட்டுப் பட்டினத்திலை. அங்கை ஆர் வாளியாலை தண்ணி அள்ளுறது? ஆர் மரவள்ளிக்கிழங்கு அவிக்கிறது?"

"உருளைக்கிழங்கு" என்றார் சாரதி உடனே. "நான் படத்திலை பாத்தனான்."

"தம்பி, அப்பிடி ஒரு படம் இல்லை" என்றேன் சாரதியிடம்.

"அக்கா, நீங்கள் கட்டின கதை வேறையா இருக்கும். நான் சொல்லுறது பச்சை அட்டை."

இவ்வளவு நேரமும் தண்ணீர்ச் சாடியில் சாய்ந்திருந்த தம்பி ஒன்றும் பேசவில்லை. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று குனிந்து பார்த்தேன். அவன் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தான்.

"நிலாவரை" என்றான் மெதுவாக. "நீ நிலாவரைக் கிணறு எண்டுதான் சொன்னனீ. வகுப்பிலை சொல்லேக்கை நம்பமாட்டாங்கள் எண்டு நான்தான் அந்தப் பேரை எடுத்துவிட்டனான்." பிறகு குரல் உயர்ந்தது. "அக்கா! நான் ஒரு பள்ளிக்கூடத்துக்கே பொய் சொல்லியிருக்கிறன்! பதிப்பகத்துக்கு மனு வேறை!"

விதானையார்தான் முதலில் சிரிக்கத் தொடங்கினார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பரிமாறும் பெண் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். சாரதியும் சிரித்தார். சிரிப்புக்கு நடுவிலும், "ஆனால் பச்சை அட்டை பச்சை அட்டைதான்" என்றார்.

இரண்டு கிழமையில் பதிப்பாசிரியரிடமிருந்து பதில் வந்தது. பழைய இரண்டாம் பாகத்தின் கடைசிப் பக்கங்களைப் படம் எடுத்து இணைத்திருந்தார். அதே ஹெலிகொப்டர், அதே காந்தம். அட்டை சிவப்பு. பழைய வாசகர்கள் கோபிப்பார்கள் என்ற பயத்தில்தான் அந்த முடிவில் கைவைக்கவில்லை, வைத்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது என்று எழுதியிருந்தார். கடைசி வரியில், கிணற்று முடிவை எழுதியவர் யார் என்று கேட்டிருந்தார். தம்பி மனுவைப் போலவே நீட்டி முழக்கிப் பதில் அனுப்பினான். இந்த முறை அரச உத்தியோகத்தர் என்பதோடு கதாசிரியர் என்றும் சேர்த்துக்கொண்டான்.

ஆனாலும் அவனுக்கு ஒரு மனத்தாங்கல் இருக்குமோ என்ற பயம் என்னை விட்டுப் போகவில்லை. ஒரு நாள் தனியே அழைத்துக் கேட்டேன். "கோவமே?"

"முதல் நாள் கோவம்தான்" என்றான். "பேந்து யோசிச்சன். இஞ்சை வந்த புதிசிலை, வேலையும் இல்லை, பாஷையும் இல்லை. இனி மேலை வர வழியில்லை எண்டு நினைக்கேக்கை, பஞ்சண்ணை கீழாலை நடந்து வந்தவன்தானே எண்டு எனக்கு நானே சொல்லுறனான். அது நீ கட்டின கதை எண்டு அப்ப தெரிஞ்சிருந்தா, பகிடி எண்டு விட்டிருப்பன். புத்தகத்திலை இருக்கெண்டபடியால்தான் நம்பினனான்."

"அப்ப நல்லதாப் போச்சு" என்றேன். அவன், "நல்லதாப் போச்சு. ஆனால் வேறை என்னென்ன அவிழ்த்து விட்டிருக்கிறாய் எண்டு ஒரு பட்டியல் அனுப்பு" என்றான். பட்டியல் அனுப்பவில்லை. அதில் அவன் இன்னும் நம்பிக்கொண்டிருக்கும் இரண்டு மூன்று விடயங்கள் இருக்கின்றன.

இப்போது இரண்டாவது புத்தகமும் வந்துவிட்டது. வில்லனை மாற்றிப் பெண்ணாக்கிவிட்டார்கள். குழுவில் அடிபிடி. விதானையார் மட்டும் அவள் வரும் பக்கங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு, "கெட்டவள்தான், ஆனால் நேரத்துக்கு வேலை செய்யிறாள்" என்கிறார். போன செவ்வாய்க்கிழமை சந்தியில் என் ஸ்கூட்டிக்குப் பக்கத்தில் பஸ் ஒன்று வந்து நின்றது. சாரதி யன்னலால் தலையை நீட்டி, "அக்கா, பன்ரெண்டாம் பக்கம் பாத்தீங்களே? தாடியை வழிச்சுப் போட்டான்!" என்று கத்தினார். எனக்கு உண்மையிலேயே கவலையாகிவிட்டது. ஏன் வழித்தான் என்று கேட்டேன். பின்னால் கோர்ன் அடித்தார்கள். பஸ்ஸுக்குள் நின்ற ஓர் அம்மா, "ஆர் பிள்ளை, உங்கடை சொந்தக்காரரே?" என்று கேட்டார். சாரதி திரும்பி அவருக்குக் கதையை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார்.