மேடவாக்கம் வரை தூங்கிய கிரேஸ் அக்கா

இன்று காலை தாம்பரத்தில் பஸ் ஏறினால், எங்கள் சர்ச் கிரேஸ் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார். மடியில் ஆஸ்பத்திரி ஃபைல். கழுத்துக் கட்டிக்கு எடுத்த டெஸ்ட்டின் ரிசல்ட் இன்றைக்குத்தான்.

"பயமா இல்லையாக்கா?"

"அதெல்லாம் நேத்தே கர்த்தர் கையில குடுத்துட்டேன்மா. மேடவாக்கத்துல இறங்கணும்."

சொன்னவர் தூங்கிவிட்டார். சேலையூர் தாண்டுவதற்குள் லேசான குறட்டை வேறு.

எனக்கு வயிறு எரிந்தது. அவர் ஜெபிக்கிற அதே ஆண்டவரிடம்தான் நானும் ஜெபிக்கிறேன். ஆனால் மகன் இரண்டு முறை தும்மினாலே எனக்குத் தூக்கம் போய்விடும்.

ராஜகீழ்ப்பாக்கம் வந்தது. என் ஸ்டாப். எழுந்தேன். இவரை யார் எழுப்புவது என்று தோன்றியதும் திரும்ப உட்கார்ந்துவிட்டேன்.

மேடவாக்கத்தில் தோளைப் பிடித்து இரண்டு முறை உலுக்கினேன். கண்ணைத் திறந்தார்.

"கர்த்தர் கரெக்டா ஸ்டாப்புல எழுப்பிட்டாரு பாத்தியா! ஸ்தோத்திரம்!"

உலுக்கிய கையோடு நானும் இறங்கி, எதிர்ப்பக்கம் போய்த் திரும்பவும் பஸ் பிடித்தேன். ஆபீஸில் முக்கால் மணி நேரம் லேட்.

மத்தியானம் சர்ச் குரூப்பில் அக்காவின் சாட்சி வந்தது. கட்டியில் பயப்பட ஒன்றுமில்லையாம். பஸ்ஸில் எழுப்பியதும் கர்த்தர்தானாம். கீழே ஆமென்கள் குவிகின்றன. நானும் ஒன்று போட்டேன்.

ஒரு நாளாவது நானும் அப்படித் தூங்க வேண்டும். என்னை எழுப்பக் கர்த்தர் யாரை அனுப்புவார் என்பதுதான் தெரியவில்லை.

ராஜகீழ்ப்பாக்கம் வழியாகப் போகிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா?