கோல்கீப்பரின் அம்மா

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் காலை பஸ்ஸில், மூன்று பேர் சீட்டின் ஜன்னலோரம் அந்த அம்மாள் உட்கார்ந்திருந்தார். கறுப்புப் பர்தா, தடித்த மூக்குக்கண்ணாடி. நடுவில் எல்லைக்கல்லாக ஒரு டிபன் கூடை. இந்தப் பக்கம் நான். அவர் கையிலிருந்த போனில் அமெரிக்காவில் நடக்கும் பெண்கள் கால்பந்து ஆட்டம் நேரலையாக ஓடிக்கொண்டிருந்தது.

"ரெண்டாவது டிவிஷன் லீக்குண்ணே. அந்த மஞ்சச் சட்ட கோல்கீப்பர் எம்மவ" என்றார்.

பந்து மகள் பக்கம் வரும்போதெல்லாம் கண்ணை இறுக மூடிக்கொண்டு, போனை என்னிடம் திருப்பி, "என்னாச்சுன்னு பாத்துச் சொல்லுங்க" என்பார். கால்பந்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அது உருண்டை என்பதுதான். இருந்தும் புதுச்சத்திரம் தாண்டுவதற்குள் தேர்ந்த வர்ணனையாளனாகிவிட்டேன்.

கடைசி நிமிடத்தில் எதிரணிக்கு ஒரு பெனால்டி. மகள் பாய்ந்தாள்.

"புடிச்சிட்டாம்மா! ஜெயிச்சாச்சு!" நான் போட்ட கத்தலில் டிரைவர் பிரேக்கை மிதித்துவிட்டார்.

அம்மாளின் முகம் வாடிவிட்டது. "தோக்கணும்னுதாண்ணே துவா கேட்டுக்கிட்டிருந்தேன். தோத்திருந்தா இன்னையோட சீசன் முடிஞ்சிருக்கும், வர்ற வெள்ளிக்கெழம வூட்ல இருந்திருப்பா. இனிமே அடுத்த ரவுண்டும்பாங்க. புள்ளயப் பாத்து ரெண்டு வருஷமாச்சு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அப்ப ஏம்மா கண்ண மூடிக்கிட்டீங்க?"

"பெத்தவ இல்லியாண்ணே நானு? அவ கோல் வுடறத எப்படிப் பாக்கறது?"

சிதம்பரம் வரும்வரை மகள் பாய்ந்து பிடித்த அந்த ஒரு காட்சியையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார், கண்ணை நன்றாகத் திறந்துகொண்டு. இறங்கும்போது கூடையை நான்தான் இறக்கிக் கொடுத்தேன்.